பத்து மீட்டர் தூரமும் பாகலூர்க் கோட்டைக் கதவும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இன்னிக்கு முடிச்சுடணும்னு உட்கார்ந்திருக்கேன். நீளமாத்தான் வரும்போல இருக்கு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க மக்களே.

மேட்டர் இதுதான். அடியேன் போன மாசம் துப்பாக்கி சுட்டேன்.

பயப்பட வேண்டாம். பத்து மீட்டர் தூரத்துல தொங்குற ஒரு அட்டையைத்தான் சுட்டேன். அட்டைக்கும் பெரிசா சேதமில்லை. ஆனா அந்த அட்டை முன்னாடி போய் நிக்கறதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஏன் ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. நடுவுல ஹைதர் அலி, திப்பு, காந்தி, ராஜாஜி எல்லாரும் வந்துட்டுப் போவாங்க. கண்டுக்காதீங்க.

கூட்டிட்டுப் போனவன் என் டீம்ல இருக்கற நண்பன். குடகுக்காரன். தினமும் ஓசூர்லேர்ந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி ஒண்ணாதான் ஆபீஸ் போறோம். ஒரு நாள் டிராஃபிக்ல நிக்கறப்ப, "சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்ச் போறேன், வர்றியா?"ன்னு கேட்டான். சினிமாவுக்கு வர்றியான்னு கேக்கற மாதிரி. அவங்க ஊர்ல செப்டம்பர்ல கைல்போள்துன்னு ஒரு பண்டிகை. வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வெச்சுக் கும்பிட்டுட்டு, அப்புறம் மரத்து உச்சியில கட்டின தேங்காயைக் குறி வெச்சு சுடுவாங்களாம். அவனுக்குத் துப்பாக்கின்னா நம்ம வீட்டு ஆயுதபூஜை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி.

எனக்கு அப்படி இல்ல. "பாக்கலாம் மச்சி"ன்னு சொல்லி எஸ்கேப் ஆயிட்டேன். காரணம் எங்க மாமா.

கொஞ்சம் கொசுவத்தி

அம்மாவோட ஊரு தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போற மலைப்பக்கம். ராகி, கடலை, அவரை. கதிர் முத்துற நேரத்துல பன்னேர்கட்டா பக்கமிருந்து ஆனைக் கூட்டம் இறங்கும். காட்டுப்பன்னிக்கோ சீசனே கிடையாது, வருஷம் பூரா வரும். ராத்திரி முழுக்கப் பரண்ல காவல் இருந்தாதான் காலைல ராகி இருக்கும். அந்தக் காலத்துல பல வீட்டுல நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு. தாத்தா வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. லைசென்ஸ் இருந்துச்சான்னு கேட்டா எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் யாரும் நேரா பதில் சொல்றதில்ல.

நாட்டுத் துப்பாக்கி தெரியாதவங்களுக்காக: அது குழாய் வாய் வழியா அடைக்கற சமாச்சாரம். முதல்ல கருமருந்து. அது மேல தேங்கா நாரோ துணியோ வெச்சு ஒரு கம்பியால இடிக்கணும். அப்புறம் ஈயக் குண்டு, இல்லேன்னா பால்ரஸ். மறுபடியும் நார். பின்னாடி ஒரு சின்னக் கேப். விசையை இழுத்தா சுத்தி வந்து கேப் மேல அடிக்கும், அந்தப் பொறி உள்ள போய் மருந்தைப் பத்த வைக்கும். ஐரோப்பாவில 19ஆம் நூற்றாண்டு நடுவுலயே மியூசியத்துக்குப் போக ஆரம்பிச்ச டெக்னாலஜி. நம்ம மலையில இன்னும் ரிட்டயர் ஆகல.

1989னு அம்மா சொல்வாங்க. மாமாவுக்கு அப்ப இருபது வயசு. தூறல் ராத்திரி. பரணுக்குக் கீழ பன்னி. மாமா விசையை இழுத்திருக்கார். கேப் நமத்துப் போச்சு, வெடிக்கல. பதட்டத்துல, முதல்ல அடைச்ச மருந்து உள்ளயே இருக்குங்கறதை மறந்துட்டு, இருட்டுல இன்னொரு தடவை மருந்து அடைச்சிருக்கார். அடுத்த தடவை கேப் வெடிச்சது. குழாயும் சேர்ந்து வெடிச்சது.

மாமாவுக்கு இடது கையில ரெண்டு விரல் கிடையாது. சின்ன வயசுல நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் சந்தைக்குப் போவேன். எனக்கு அது வித்தியாசமாவே தெரியல. எல்லா மாமாவுக்கும் இடது கையில மூணு விரல்தான்னு நினைச்சிருந்தேன்னு வெச்சுக்கோங்களேன்.

அதுக்கப்புறம் அம்மா வீட்டுல துப்பாக்கிங்கற வார்த்தையே வராது. தீபாவளிக்குப் பொட்டு வெடி துப்பாக்கி கேட்டு நான் வாங்கின அடி எனக்குத்தான் தெரியும்.

சரி, நண்பனுக்கு நேரா "வரமாட்டேன்"னு சொல்லாம நான் செஞ்சது, ஒரு இன்ஜினியர் எப்பவும் செய்யற வேலை. படிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஊருக்கும் துப்பாக்கிக்கும் என்னதான் சம்பந்தம்னு. மூணு வாரம் அதுலயே போச்சு.

பாகலூர், நவம்பர் 1768

ஓசூர்லேர்ந்து மாலூர் ரோட்டுல போனா பாகலூர். இன்னிக்கு ரோஜாவுக்கும் பசுமைக் குடிலுக்கும் பேர் போன ஊரு. நான் அந்த வழியா நூறு தடவையாவது போயிருப்பேன். அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியாமத்தான் போயிருக்கேன்.

முதலாம் மைசூர்ப் போர் நடந்த சமயம். 1768ல கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஓசூரைப் பிடிச்சுடுது. நவம்பர்ல ஹைதர் அலி திரும்பி வந்து ஓசூரை முற்றுகை போடறார். உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தக் கர்னல் உட் தலைமையில ஒரு படை வருது. ராத்திரியோட ராத்திரியா போய் ஹைதரை மடக்கலாம்னு உட் திட்டம் போடறார். வேகமாப் போகணும்னா சுமை இருக்கக் கூடாதே? அதனால கூடாரம், மூட்டை முடிச்சு, கூடவே 18 பவுண்டு பித்தளைப் பீரங்கி ரெண்டு, எல்லாத்தையும் பாகலூர் மண் கோட்டையில விட்டுட்டுப் போறார்.

உட் ஓசூருக்குள்ள நுழைஞ்சுட்டார். ஆனா ஹைதர் அங்க அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கல. சுத்திக்கிட்டு நேரா பாகலூருக்கு வந்துட்டார். கோட்டையைச் சுத்தி இருந்த பேட்டைக்குள்ள மைசூர்ப் படை புகுந்தது. பேட்டையில இருந்த சனங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு, மாடு கன்னோட கோட்டை வாசலுக்கு ஓடினாங்க. சனத்தோட சேர்ந்து எதிரியும் உள்ள வந்துடுவான்னு, உள்ள இருந்த கம்பெனி கேப்டன் கதவைச் சாத்திட்டார்.

முன்னாடி மூடின கதவு. பின்னாடி ஓடி வர்ற கூட்டம். நடுவுல மாட்டினவங்க நெரிசல்லயே செத்துப் போனாங்க. ஆம்பளை, பொம்பளை, குழந்தை, மாடு எல்லாம் சேர்ந்து.

ஹைதர் அந்த ரெண்டு பீரங்கியையும், கிடைச்ச சாமானையும் பெங்களூருக்கு அனுப்பிட்டார். கர்னல் உட்டைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. சரித்திரப் புத்தகத்துல பீரங்கி எத்தனை பவுண்டுன்னு இருக்கு, கர்னல் பேரு இருக்கு. கதவுக்கு வெளியே செத்தவங்க பேரு ஒண்ணுகூடக் கிடையாது.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. துப்பாக்கின்னா யார் சுட்டாங்க, யார் செத்தாங்கன்னுதான் நாம கேக்கறோம். பாகலூர்ல அந்தச் சனங்க செத்தது குண்டு பட்டு இல்ல. யாரோ ரெண்டு பேரு பீரங்கிக்காக அடிச்சுக்கிட்டப்ப, கதவுக்குத் தப்பான பக்கத்துல நின்னதால.

கிருஷ்ணகிரி, நவம்பர் 1791

அதே மாதிரி கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பார்த்தாலே தெரியுமே, அந்தப் பெரிய பாறைதான். மூன்றாம் மைசூர்ப் போர்ல, 1791 ஜூலையில காரன்வாலிஸ் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடிச்சுட்டாங்க. நவம்பர் 7ஆம் தேதி ராத்திரி கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். கீழ்ப்பேட்டை சுலபமா விழுந்துடுச்சு. மேல் கோட்டைக்கு ஏணியோட ஏறினவங்க மேல திப்புவோட ஆளுங்க பாறாங்கல்லை உருட்டி விட்டாங்க. ஏணியும் போச்சு, ஏணி தூக்கினவங்களும் போனாங்க. கம்பெனிப் படை இறங்கி ஓடிடுச்சு.

அன்னிக்கு உலகத்துலயே நவீனமான துப்பாக்கி வெச்சிருந்த படைகள்ல ஒண்ணு அது. தோத்தது கல்லுகிட்ட.

ஆனா கல்லு ஜெயிச்சு என்ன? அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல பாராமகால் மொத்தமும், கிருஷ்ணகிரியோட சேர்த்து, கம்பெனி கைக்குப் போயிடுச்சு. ஓசூர்ப் பக்கம் 1799ல திப்பு விழுந்த பிறகு. அந்தக் கோட்டையை யாரும் சுட்டுப் பிடிக்கல. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினாங்க.

யார் கையில இருக்கலாம்?

இதுக்கப்புறம்தான் கதை சுவாரசியமாகுது. போர் முடிஞ்சதும், ஜெயிச்சவன் முதல்ல செய்யற வேலை, தோத்தவன் கையில இருக்கறதை வாங்கறது. தெற்கே கட்டபொம்மன், மருது சகோதரர்கள் கதை முடிஞ்ச கையோட, 1801 டிசம்பர்ல சென்னை கவர்னர் ஒரு அறிவிப்பு விட்டார். பாளையக்காரங்க ஆயுதம் வெச்சிருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்கணும். அப்புறம் 1857. அதுக்குப் பின்னாடி கட்டுப்பாடு இன்னும் இறுகினது. கடைசியா 1878ல வைஸ்ராய் லிட்டன் கொண்டு வந்த ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும். வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்.

பதிவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதே லிட்டன், அதே 1878ல, இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கவும் ஒரு சட்டம் போட்டார். நாட்டு மொழிப் பத்திரிகைச் சட்டம். இங்கிலீஷ் பத்திரிகைக்கு அது கிடையாது. துப்பாக்கியும் தமிழ்ல எழுதறதும் அந்த ஆளுக்கு ஒரே லிஸ்ட்லதான் இருந்திருக்கு! பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் எடுத்துட்டார். ஆயுதச் சட்டம் மட்டும் சுதந்திரத்துக்கு அப்புறமும் இருந்து, 1959ல புதுச் சட்டம் வந்த பிறகுதான் போச்சு.

இன்னொரு தற்செயல். அதே 1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில ஒரு குழந்தை பிறந்தது. ராஜாஜி. எங்க ஸ்கூல் டூர்னா முதல்ல அந்த வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. அந்தத் தொரப்பள்ளிக்காரர் 1962ல, 83 வயசுல, வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்து அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கன்னு பேசிட்டு வந்தார். எங்க ஊர்லேர்ந்து ஆயுதத்தைப் பத்தி உலகத்துக்கிட்ட பேசின மனுஷன்னா அவர்தான்.

நண்பன் கதைக்கு வருவோம். அவங்க வீட்டுல துப்பாக்கி எப்படி சாதாரணமா இருக்கு? 1861ல கொடவர்களுக்கு மட்டும் ஆயுதக் கட்டுப்பாட்டுலேர்ந்து விலக்குக் கொடுத்தாங்க. கம்பெனிக்கும் ராணிக்கும் விசுவாசமா இருந்ததுக்கான மரியாதை. அந்த விலக்கு வேற வேற வடிவத்துல இன்னிக்கும் இருக்கு. கொடவர்களும் ஜம்மா நிலம் வெச்சிருக்கறவங்களும் லைசென்ஸ் எடுக்க வேண்டாம், விலக்குச் சான்றிதழ் போதும். 2019ல மத்திய அரசு அதைப் பத்து வருஷம் நீட்டிச்சது. 2021ல கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

தப்புன்னு சொல்ல வரல. அவங்க பண்டிகை, அவங்க பெருமை. ஆனா எல்லையில நின்னு பார்க்கும்போது ஒண்ணு உறுத்துது. அவனோட தாத்தா துப்பாக்கியை மாலை போட்டு வெச்சார். என்னோட தாத்தா வைக்கோல்போர்ல ஒளிச்சு வெச்சார். ரெண்டு பேரும் காட்டு ஓரத்துல பன்னியோட போராடின விவசாயிங்கதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துல இன்னிக்கும், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைச்சா கேஸ் கிடையாதுன்னு போலீஸ் அப்பப்ப அறிவிக்கும். மறுநாள் பேப்பர்ல துருப்பிடிச்ச குழாய் குவியலா ஒரு போட்டோ வரும். அந்தக் குவியலைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு மாமா கைதான் ஞாபகம் வரும்.

அந்தக் காட்டுல துப்பாக்கின்னா அடுத்து வர்ற பேரு வீரப்பன். 2004 அக்டோபர் 18 ராத்திரி தருமபுரி பாப்பாரப்பட்டி பக்கத்துல அவன் கதை முடிஞ்சப்ப நான் ரெண்டாங்கிளாஸ். நடுவுல சிக்கின மலை சனங்க கதை அன்னிக்கு முடியல. அதிரடிப்படை விசாரணையில பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுங்கன்னு தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது 2007ல. மறுபடியும் அதே பாகலூர்க் கதவுதான்.

காந்தி ஆளுங்களும் துப்பாக்கியும்

இவ்வளவு படிச்சதும் "போக வேண்டாம்"னு முடிவு பண்ணிட்டேன். அப்பதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டு, முடிவு ஆட்டம் கண்டுடுச்சு.

அகிம்சைக்கு அத்தாரிட்டின்னா யாரு? காந்தி. அவரு 1918ல குஜராத்துல கேடா பக்கம் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போனப்ப எழுதின துண்டறிக்கையில, ஒரு தேசத்தையே நிராயுதபாணியா ஆக்கின அந்தச் சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சியோட கேடுகள்லயே மோசமானதா சொல்லியிருக்கார். அவரோட அர்த்தம், ஆயுதம் எடுக்க முடியாதவன் எடுக்கலேன்னா அது அகிம்சை இல்ல, எடுக்க முடிஞ்சும் எடுக்காம இருக்கறவன்தான் அகிம்சாவாதிங்கறது. 1931 கராச்சி காங்கிரஸ்ல போட்ட அடிப்படை உரிமைத் தீர்மானத்துல, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வெச்சுக்கற உரிமையும் ஒரு ஐட்டமா இருந்துச்சு.

அப்புறம் சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் எழுதறப்ப அந்த உரிமையைச் சேர்க்கல. 19ஆம் பிரிவுல இருக்கறது, ஆயுதம் இல்லாம அமைதியாக் கூடற உரிமை. பிரிவினையில நடந்ததை எல்லாம் கண்ணால பார்த்துட்டு வந்தவங்க எழுதினதாச்சே. எனக்கு அதுல எந்த வருத்தமும் இல்ல.

ஆனா அடுத்த வருஷம், 1951ல, இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவர், முதல் தலைவர் யாருன்னு நினைக்கறீங்க? ஜி.வி. மாவ்லங்கர். லோக்சபாவோட முதல் சபாநாயகர். அகமதாபாத்ல காந்தி, பட்டேல் பின்னாடி சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போன மனுஷன். இன்னிக்கும் அவர் பேர்லதான் மாவ்லங்கர் துப்பாக்கி சுடுதல் போட்டி நடக்குது. கதர் கட்டின மனுஷனுக்குத் துப்பாக்கியில விளையாட்டு தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலையே?

குறி பார்த்துச் சுடற விளையாட்டோட பூர்வீகம் அவ்வளவு சுத்தம்னு சொல்ல முடியாது. 1859ல இங்கிலாந்துல ரைஃபிள் சங்கம் ஆரம்பிச்சதே, பிரான்ஸ் படையெடுத்து வந்தா சுடறதுக்கு ஆளுங்களைத் தயார் பண்ணத்தான். 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல உயிருள்ள புறாவைப் பறக்க விட்டுச் சுட்டிருக்காங்க. மைதானமெல்லாம் ரத்தமும் இறகும் ஆனதுல அதோட நிறுத்திட்டாங்க. இருபத்தஞ்சு மீட்டர் வேகப் பிஸ்டல் போட்டியில 1980கள் முடியற வரைக்கும் மனுஷ உருவ அட்டையைத்தான் சுட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் வட்டமா மாத்தினாங்க. புறா போய் களிமண் தட்டு வந்துச்சு, மனுஷ உருவம் போய் வட்டம் வந்துச்சு. துப்பாக்கி முன்னாடி இருந்த உயிரைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டே வந்த சரித்திரம்னு எனக்குத் தோணுச்சு.

நம்ம நாட்டுல இது ரொம்ப காலம் அரண்மனை விளையாட்டு. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் அஞ்சு ஒலிம்பிக்ஸ் போனவர். 2004ல ரத்தோர் வெள்ளி, 2008ல பிந்த்ரா தங்கம். பிந்த்ராவோட கடைசிக் குண்டு 10.8. அதிகபட்சமே 10.9தான். அன்னிக்கு எங்க ஸ்கூல்ல பிரேயர்ல சொன்னாங்க. இப்ப கடலூர்ல பிறந்து அகமதாபாத்ல வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் வாங்கறாங்க. அரண்மனைக் கதவு கொஞ்சம் திறந்திருக்குன்னு அர்த்தம்.

சரி, போய்த்தான் பார்ப்போமேன்னு நண்பனுக்கு மெசேஜ் தட்டினேன். அம்மாகிட்ட "ஆபீஸ் வேலை"ன்னு பொய் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை

ரேஞ்சுன்னா ஏதோ மைதானம்னு நினைச்சிருந்தேன். ஒரு பில்டிங்கோட மூணாவது மாடி. கீழ பேக்கரி. மேல பத்து மீட்டர் நீளத்துக்கு ஹால், வரிசையா டேபிள், எதிர்ச் சுவத்துல வரிசையா அட்டை. பத்தாங்கிளாஸ் படிக்கற பொண்ணு ஒண்ணு சுட்டுட்டு, ஹோம்வொர்க் இருக்குன்னு கிளம்பிட்டு இருந்துச்சு.

கோச் ஒரு மேடம். முதல் அரைமணி நேரம் துப்பாக்கியைத் தொடவே விடல. குழாய் எப்பவும் அட்டைப் பக்கம்தான் பார்க்கணும். சுடற நேரம் தவிர விசையில விரல் வைக்கக் கூடாது. காலியா இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சாலும், குண்டு இருக்குன்னுதான் நினைக்கணும். கடைசி ரூலைக் கேட்டப்ப எனக்குத் தொண்டையை அடைச்சது. இந்த ஒரு வரியை 1989ல மாமாவுக்கு யாராவது சொல்லியிருந்தா?

காத்து அழுத்தத்துல வேலை செய்யற ரைஃபிள். கருமருந்து, புகை, கேப் எதுவும் கிடையாது. குண்டு 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலை, எடை சுமார் அரை கிராம். பாகலூர்ல உட் விட்டுட்டுப் போன பீரங்கியோட குண்டு எட்டு கிலோ. ஏறக்குறைய 16,000 மடங்கு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். (ஆமா, எனக்கு வேற வேலை இல்ல.)

அட்டையில நடுப்புள்ளி, அதாவது பத்து மார்க், அரை மில்லிமீட்டர்தான். இந்த வாக்கியத்தோட முற்றுப்புள்ளி அளவு. பத்து மீட்டர்லேர்ந்து அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியறது ஒரு கறுப்பு வட்டம் மட்டும். கண்கிட்ட ஒரு வளையம், குழாய் முனையில ஒரு வளையம், அதுக்குள்ள கறுப்பு வட்டம். மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா, சுத்தி ஒரே அளவு வெள்ளையோட நிக்கணும். நிக்காது. மூச்சு விட்டா மேலயும் கீழயும் ஆடும். மூச்சைப் பிடிச்சா நெஞ்சுத் துடிப்புக்கு ஆடும். என் இதயம் அடிக்கறதை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

"அட்டையைச் சுடணும்னு நினைக்காதீங்க. அசையாம நிக்கணும்னு மட்டும் நினைங்க. விசை தானா விழும்"ன்னாங்க மேடம்.

முதல் குண்டு. "டப்"னு ஒரு சத்தம், பாட்டில் மூடி திறக்கற மாதிரி. அவ்வளவுதான். அட்டை ஒயர்ல ஓடி வந்துச்சு. நாலு மார்க். பத்து குண்டுக்கு மொத்தம் 61.

இப்ப உண்மையைச் சொல்றேன். எனக்குப் பிடிச்சிருந்தது. ரொம்பவே பிடிச்சிருந்தது. அந்த ஒரு மணி நேரம் ஸ்பிரிண்ட், டெட்லைன், ஈ.எம்.ஐ. எதுவும் தலையில இல்ல. கையில துப்பாக்கி இருந்தும் யார் மேலயும் கோபமோ பயமோ வரல. குண்டு போற வழியில ஒரு உயிர் இல்ல, அதுக்குப் பின்னாடி சுவரு. முன்னூறு வருஷமா இந்த மண்ணுல துப்பாக்கி முன்னாடி யாராவது நின்னுட்டே இருந்தாங்க. இங்கதான் யாரும் இல்ல.

பிடிச்சதுதான் பிரச்சனையும். இந்த ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 0.177 அங்குலம், 20 ஜூல் சக்திக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிப்படி விலக்கு உண்டு. ஏ.சி. ஹால், சொல்லிக் கொடுக்க ஆள், காதுக்கு மூடி. மணிக்கணக்குல காசு கட்டி நான் துப்பாக்கியில மன அமைதி வாங்கறேன். ராகியைக் காப்பாத்த எடுத்தவருக்கு விரல் போச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா வைக்காமலும் இருக்க முடியல.

மாமா வந்தார்

ரெண்டு வாரம் கழிச்சு மாமா கண் டெஸ்ட்டுக்கு ஓசூர் வந்தார். பைக்ல கூட்டிட்டுப் போறப்ப மனசு கேக்காம சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் பின்னாடியிலேர்ந்து,

"எவ்ளோ தூரத்துல இருந்து மாப்ள?"

"பத்து மீட்டர் மாமா."

"பத்து மீட்டர்ல பன்னி நின்னா நான் துப்பாக்கியை எடுக்கமாட்டேன்டா, ஓடிருவேன்."

அவரே, "காட்டு, பாக்கலாம்"னார். கூட்டிட்டுப் போனேன். பின்னாடி ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தார். நான் முதல் குண்டு சுட்டப்ப, அந்தச் சின்ன "டப்"புக்கே, அவர் இடது கையை வலது கையால பொத்திக்கிட்டார். நான் துப்பாக்கியை டேபிள்ல வெச்சுட்டேன். "கிளம்பலாமா மாமா?"ன்னேன்.

"இல்ல, சுடு. நான் பாக்கறேன்."

மீதி ஒம்போதும் சுட்டேன். நாலாவது குண்டுக்கு அப்புறம் கையை எடுத்துட்டார். "நீங்களும் ஒண்ணு சுட்டுப் பாக்கறீங்களா ஐயா?"ன்னு மேடம் கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே தலையாட்டி வேண்டாம்னுட்டார். ஆனா அந்த ரைஃபிள்ல குண்டு எங்க போடறது, காலியா இருக்கறதை எப்படிப் பாக்கறதுன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார். மேடம் திறந்து காட்டினாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார்.

அட்டையை வாங்கி ஓட்டை மேல எல்லாம் சுண்டு விரல் நகத்தை வெச்சுப் பார்த்தார். "பன்னிக்கு வால்ல கூடப் பட்டிருக்காது"ன்னு சொல்லிட்டு மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்ட அம்மா கையில அது சிக்கிடுச்சு. மாட்டினோம்டான்னு நான் சுவத்தைப் பார்த்துட்டு நிக்கறேன்.

"என்னண்ணா இது?"

"உன் பையனோட மார்க் ஷீட்டு."

அம்மா மாமாவைப் பார்த்தாங்க. அவர் கையைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் ஒரு முழுத் திட்டுக்கு ரெடியா இருந்தேன். ஓரத்துல பேனாவால எழுதியிருந்ததை மெதுவாப் படிச்சுட்டு,

"நூத்துக்கு அறுபத்தி ஆறுதானா?"ன்னு கேட்டாங்க.

பி.கு: பாகலூர்ல அந்த மண் கோட்டை இருந்த இடத்தைப் பத்தியோ, வாய்வழிக் கதைகளோ தெரிஞ்ச ஓசூர்ப் பதிவர்கள் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சேர்ந்து போயிட்டு வரலாம். மாமாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.